ஹைசென்ட்ரா 20%: குப்பியைவிட ஊசியைக் கவனியுங்கள்

பிறவியிலேயே ஆன்டிபாடி (கிருமிகளை எதிர்க்கும் புரதம்) ஊறாத உடம்புக்கு அதை வெளியிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. வட ஆற்காட்டுப் பக்கம் இன்னும் நரம்பு வழிதான் வழக்கம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆரணியிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ முதல் பஸ் பிடித்து வேலூர் வர வேண்டும். படுக்கை கிடைத்து, நரம்பு கிடைத்து, ட்ரிப்ஸ் இறங்கி முடிவதற்குள் அன்றைய பள்ளிக்கூடமும் போச்சு, கூலியும் போச்சு. அதே ஆன்டிபாடியைச் செறிவாக்கி, வாரம் ஒருமுறை வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளத் தருவது ஹைசென்ட்ரா. யோசனை புதிதல்ல. 1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் குறைபாட்டை முதலில் கண்டு எழுதியபோது, அந்தச் சிறுவனுக்குக் காமாகுளோபுலினை, அதாவது இதே ஆன்டிபாடியை, தோலடியில்தான் போட்டார்.

இதைத் தொடங்கும் வீடுகளில் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி எழும்: "போட்ட இடம் வீங்குது, தடிக்குது, அரிக்குது. பிள்ளைக்கு ஒத்துக்கலையோ?" பயந்துபோய் ஒரு வாரம் தள்ளுகிறார்கள், பிறகு இரண்டு வாரம். ஆன்டிபாடி அளவு இறங்க இறங்க நெஞ்சுச் சளி திரும்பி வரும். நிமோனியா வந்து வந்து நுரையீரல் குழாய்கள் ஒருமுறை விரிந்துவிட்டால் அவை பழையபடி சுருங்காது. தோலில் எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரியாததால் ஒரு குழந்தை இந்த நிலைக்குப் போகக் கூடாது. அதனால் இந்த மதிப்புரை மருந்தின் பலனைவிட, தோலில் அது என்ன செய்கிறது என்பதையே அதிகம் பார்க்கிறது.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். மருந்து நன்றாகத் தயாரிக்கப்பட்டது. போட்ட இடத்தில் வீக்கமும் லேசான சிவப்பும் வரும். அது இந்த முறையோடு கூடப் பிறந்தது. ஆனால் தாங்க முடியாத எரிச்சல், கொப்புளம், நாள்கணக்கில் நிற்கும் தடிப்பு என்று வருகிறபோது, குப்பியைக் குறை சொல்வதற்கு முன்னால் ஊசியின் நீளம், ஊசி முனையில் தொங்கிய சொட்டு, ஒட்டிய டேப், காயாத ஸ்பிரிட், ஃபிரிட்ஜ் குளிர் ஆகிய ஐந்தையும் விசாரிக்க வேண்டும்.

முதலில் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 20 சதவீத இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடியின் மருத்துவப் பெயர்), அதாவது 1 மி.லி.யில் 200 மில்லிகிராம். 5, 10, 20, 50 மி.லி. அளவுகளில் வருகிறது, கிராமில் முறையே 1, 2, 4, 10. கெடாமல் நிற்க எல்-புரோலின் என்ற அமினோ அமிலமும் சிறிதளவு பாலிசார்பேட் 80-உம் சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரை வகை எதுவும் இல்லை, பிரிசர்வேட்டிவ் இல்லை. அமிலத்தன்மை பி.எச். 4.6 முதல் 5.2 வரை. தோலடித் திசுவின் இயல்பைவிட இது புளிப்பான திரவம், முதல் சில நிமிடம் சுருக்கென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறம் வெளிர் மஞ்சள் அல்லது லேசான பழுப்பு, ஆனால் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால், துகள் மிதந்தால் தொடவே கூடாது. பாகு ஏறுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் வெல்லத் தண்ணீர் மாதிரி ஒரு கனம் இதற்கு உண்டு. குலுக்கினால் நுரை கட்டும், அப்புறம் சிரிஞ்சில் இழுக்கவே முடியாது. காற்று ஏற்றும்போதும் ஊசி முனையைத் திரவத்துக்குள் விடாமல் மேலே காலியாக உள்ள இடத்தில் வைத்துச் செலுத்த வேண்டும்.

ஹைப்பர்புரோலினீமியா என்ற புரோலின் சேரும் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகை அறவே இல்லாமல், அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி, முன்பே கடும் ஒவ்வாமை கண்டவர்களுக்கும் ஆகாது. இன்னொன்று: இது தோலடிக்கு மட்டுமே. "ஆன்டிபாடிதானே, ட்ரிப்ஸில் கலந்து விடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தடுங்கள். நரம்பில் ஏற்றும் 5 சதவீதக் குப்பியைத் தோலடியில் போட்டுப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டாம்.

அளவுக் கணக்கு எளிது. 30 கிலோ எடையுள்ள பையன், நான்கு வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 500 மில்லிகிராம் நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தான் என்றால் மொத்தம் 15 கிராம். வாரத்துக்குப் பிரித்தால் 3.75 கிராம், இந்த மருந்தில் சுமார் 19 மி.லி. ஒரு 20 மி.லி. குப்பி. (அமெரிக்காவில் மருந்தோடு வரும் குறிப்பேடு இந்த அளவை 1.37-ஆல் பெருக்கச் சொல்கிறது, ஐரோப்பிய வழக்கம் சமமாகவே தொடங்குவது. எது என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.) கடைசியாக நரம்பில் ஏற்றி ஒரு வாரம் கழித்து முதல் டோஸ். முதல் தடவை ஓர் இடத்தில் 15 மி.லி.க்கு மேல் கூடாது, மணிக்கு 15 மி.லி. வேகத்துக்கு மேலும் கூடாது. தாங்கப் பழகிய பிறகு இரண்டையும் 25 வரை ஏற்றலாம். 30 கிலோப் பையனுக்கு நாங்கள் சொல்வது இரண்டு இடம், இடத்துக்குப் பத்துப் பத்து. ஒரே குத்தில் முடித்துவிடலாம் என்ற ஆசைதான் முதல் மாதத்து எலுமிச்சம்பழ அளவு வீக்கத்துக்குக் காரணம்.

இப்போது வேலூர் வெயில். மருந்தை 25 டிகிரி வரை வெளியில் வைக்கலாம் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது. குளிர் நாட்டுக்காரருக்கு அது பெரிய வசதி. கத்திரியில் 40 டிகிரி தாண்டும் ஊரில் அந்த வரி நமக்குப் பொருந்தாது, இங்கே ஃபிரிட்ஜ்தான். ஃப்ரீசருக்குப் பக்கத்திலும் வேண்டாம், கதவிலும் வேண்டாம். நடுத்தட்டில், வெளிச்சம் படாமல் அட்டைப்பெட்டியோடு வையுங்கள். உறைந்த குப்பி உருகினாலும் பயன்படாது, எறிய வேண்டியதுதான். காட்பாடியில் இறங்கி ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கை ஒரு துண்டில் சுற்றி வையுங்கள். குப்பி நேராக ஐஸில் படக் கூடாது.

போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து மேசைமேல் வையுங்கள். சுடுதண்ணீரில் போடாதீர்கள், மைக்ரோவேவ் கூடாது, வெயிலில் காட்டக் கூடாது. அவசரத்தில் குளிர்ச்சியாகவே போட்டால் இரண்டு தொல்லை: குளிர்ந்த திரவம் இன்னும் கெட்டியாக இருப்பதால் சிரிஞ்சைத் தள்ளும் பம்ப் திணறும், உள்ளே இறங்கும் இடத்தில் வலியும் தடிப்பும் கூடும். "போன வாரம் ஒண்ணும் ஆகலை, இந்த வாரம் மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு விடை பல நேரம் இதுதான்.

ஊசிக்கு வருவோம். இதற்கென்று உள்ள தோலடி ஊசி செட் நேராக, 90 டிகிரியில் இறங்கும். 4, 6, 9, 12, 14 மி.மீ. நீளங்களில் வருகிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் கொழுப்படுக்கில் முனை நிற்க வேண்டும். எது பொருந்தும் என்று அறிய ஒரு வழி: போடப்போகும் இடத்தை இரண்டு விரலால் மடித்துப் பிடியுங்கள், மடிப்பின் கனத்தை ஸ்கேலால் அளவெடுங்கள், அதில் பாதிதான் தோலின் மேற்பரப்பிலிருந்து தசை வரைக்கும் உள்ள தூரம். ஊசி அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மடிப்பு 2 செ.மீ. என்றால் பாதி 10 மி.மீ., 9 மி.மீ. ஊசி சரி. ஒல்லிக் குழந்தைக்கு மடிப்பு 1.4 செ.மீ.தான் என்றால் 6. தொப்பை உள்ளவருக்கு 12, 14. வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்பதற்காக அண்ணனுக்கு வாங்கிய ஊசியைத் தம்பிக்கும் போடாதீர்கள்.

இந்த செட் கிடைக்காமல், மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நீல இறக்கை 23 கேஜ் ஸ்கால்ப் வெயின் செட்டை வைத்துக் கையாலேயே மெல்லத் தள்ளுகிறவர்களும் உண்டு. அது தப்பல்ல, உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் அந்த ஊசி 19 மி.மீ. நீளம். 30 டிகிரி சாய்வில் முழுக்க இறக்கினால் ஆழம் சுமார் 9.5 மி.மீ.; 45 டிகிரியில் 13 மி.மீ.க்கும் மேல் போய்விடும். ஒல்லிப் பிள்ளைக்கு அது தசை. சாய்வு கையிலேயே பழக வேண்டும். நர்ஸ் ஒருவர் பக்கத்தில் இருந்து நாலைந்து தடவை பார்த்துத் திருத்தாமல் தனியாகத் தொடங்க வேண்டாம்.

ஊசி முனைச் சொட்டு. குழாயில் மருந்தை நிரப்பும்போது முனையில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும் வரை தள்ளுவது ட்ரிப்ஸ் போட்டுப் பழகிய கையின் வழக்கம். இங்கே அது கூடாது. ஈர முனை தோலைத் துளைத்துப் போகும்போது அந்தச் சொட்டு தோலின் மேலடுக்கில் தேய்ந்து, அங்கேயே எரிச்சலையும் கடுகளவு அரிப்பையும் உண்டாக்கும். முனைக்கு ஒன்றிரண்டு செ.மீ. முன்னாலேயே மருந்து நிற்கட்டும். குழாயில் மிஞ்சும் அந்தத் துளிக் காற்று தோலடியில் போவதால் கெடுதல் இல்லை. உலர்ந்த முனைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. குத்தியதும் பிஸ்டனைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா, ரத்தம் வந்தால் தெளிந்த குழாயில் பளிச்சென்று தெரியும். தெரிந்தால் அந்த ஊசியை எடுத்துவிட்டுப் புது ஊசி, புது இடம்.

பம்ப் பற்றி ஒரு வரி போதும்: கரண்ட் போகும் ஊரில் ஸ்பிரிங்கால் ஓடும் ஃப்ரீடம் 60 வகை நல்லது. அதில் வேகத்தைத் தீர்மானிப்பது குழாய்மேல் அச்சடித்த எண், பம்ப் அல்ல. அதனால் புது செட் வாங்கும்போது பழைய எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

இடம் தேர்வு செய்யும்போது தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டு வயிறு, தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும், இடுப்பின் பக்கவாட்டு. இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது 5 செ.மீ. தழும்பு, கன்னிப்போன இடம், முந்தின வாரத்துத் தடிப்பு ஆகியவற்றில் வேண்டாம். வயிற்றில் போடும் பெண்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பாவாடை நாடா. நாடா அழுத்தும் கோட்டின்மேல் ஊசி இருந்தால் மருந்து பரவ வழியில்லாமல் மேலும் கீழும் இரண்டு மேடாகப் பிதுங்கும், நடுவே பள்ளமாக நாடாத் தடம் நிற்கும், அதன் ஓரம் மறுநாள் வரை நோகும். அன்றைக்கு நைட்டி போட்டுக்கொள்வது அல்லது தொடையில் போடுவது, இரண்டில் ஒன்று. இறுக்கிக் கட்டிய லுங்கி முடிச்சும் இதே வேலையைத்தான் செய்யும்.

துடைத்த ஸ்பிரிட் தானாகக் காய வேண்டும், அரை நிமிடமாவது. வாயால் ஊதினால் துடைத்ததே வீண். காயாமல் குத்தினால் ஸ்பிரிட்டும் கூடவே உள்ளே போய் எரிக்கும். பிரிலாக்ஸ் மாதிரி மரத்துப்போகும் களிம்பு தடவுகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் தடவி, குத்தும் முன் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். அந்தக் களிம்பே சில தோலை வெளுக்கவோ சிவக்கவோ வைக்கும், பழி மருந்தின்மேல் விழும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோலில் ஏதாவது வந்தால், அதன் வடிவத்தைப் பாருங்கள். வடிவமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

மெத்தென்று, பிசைந்த மாவு மாதிரி, தொட்டால் சூடில்லாமல் பரந்த மேடு: உள்ளே நிற்கும் திரவம், வேறொன்றுமில்லை. ஒன்று முதல் மூன்று நாளில் உடம்பு இழுத்துக்கொள்ளும். கூடவே லேசான அரிப்பும் வரலாம். துணியில் சுற்றிய குளிர்ந்த ஒத்தடம் போதும்.

ஓரம் வெட்டினாற்போல் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ தடித்திருந்தால் டேப். மருந்து சதுரமாகப் பரவாது. சந்தேகம் தீர, ஊசியே இல்லாமல் அதே டேப்பில் ஒரு துண்டை மற்றத் தொடையில் ஒட்டி மறுநாள் பிரித்துப் பாருங்கள். அங்கேயும் தடித்தால் மைக்ரோபோர் காகித டேப்புக்கு மாறுங்கள்.

ஊசி நின்ற புள்ளியைச் சுற்றி வெளுத்து, கமலாப்பழத் தோல் மாதிரி குழிகுழியாக, எரிச்சலோடு எழும்பினால், மருந்து கொழுப்புக்குப் போகாமல் தோலுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. ஓரத்தில் கசிவும் இருக்கும். ஊசி கட்டை, அல்லது பாதியில் வெளியே நழுவியிருக்கிறது. மே மாதத்தில் இது அதிகம்: வியர்வையில் டேப் இளகும், பிள்ளை புரண்டு உட்காரும், 6 மி.மீ. ஊசி 3 மி.மீ.க்கு வந்து நிற்கும், பம்ப் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஃபேனுக்கடியில் உட்காரவைத்து, பத்து நிமிடத்துக்கொருமுறை ஊசியின் இறக்கை தோலோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஊசி இறங்கும்போதும் மருந்து போகும்போதும் ஆழத்தில் குடைச்சல், மேலே வீக்கமே இல்லை: தசை. அடுத்த முறை நீளம் குறைந்த ஊசி. வாரக்கணக்கில் கரையாத பட்டாணி அளவுக் கட்டி: ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டதன் விளைவு. அந்த இடத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

நம் தோல் நிறத்துக்கு ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். குறிப்பேடு 'சிவப்பு' என்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட ஒரு படி கருத்து, அல்லது ஊதா கலந்து தெரியும். கண்ணை நம்பாமல் புறங்கையை வைத்து, இந்தத் தொடை சூடா அந்தத் தொடை சூடா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம் வடிந்த பிறகு அந்த இடம் சில வாரம் கருத்தே நிற்கலாம். அது தழும்பு அல்ல, பயப்பட வேண்டாம்.

இனி, பொறுத்துப் பார்க்கக் கூடாதவை. ஊசி போடாத இடங்களில், முதுகிலும் கையிலும், காணாக்கடி மாதிரித் தடிப்புகள் எழும்பினால் அது உடம்பு முழுக்கான ஒவ்வாமை, பம்பை நிறுத்துங்கள். கூடவே உதடு கண் வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், தலை சுற்றிக் கீழே விழுந்தால் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதிகபட்சம் 0.5. யார் போடுவது, எங்கே வைப்பது என்பதை முதல் டோஸுக்கு முன்னாலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். போட்டதும் 108. செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் அல்ல அது. தடிப்பு சூடாகி நாளுக்கு நாள் பரவினால், காய்ச்சல் வந்தால், அது கிருமித் தொற்று. ஓரத்தில் பால்பேனாவால் கோடு போடுங்கள், கோட்டைத் தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரி. தோல் கருகிப் புண்ணானால் உடனே. கழுத்து விறைப்போடு கடும் தலைவலி வந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், நெஞ்சு வலித்தாலும் தோல் விஷயம் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். இந்த மருந்துக்கு, ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறையலாம் என்ற எச்சரிக்கை பெட்டி போட்டே அச்சாகியிருக்கிறது.

வீங்கிய இடத்தில் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடுவது நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் வேலை. தயவுசெய்து இங்கே வேண்டாம். ஊசி துளைத்த வாய் திறந்திருக்கிறது, எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளை, சுண்ணாம்பு தோலை அரிக்கும். வலித் தைலமும் வேண்டாம்.

மற்றத் தயாரிப்புகளோடு ஒப்பிட்டால்: 16.5 சதவீத மருந்தில் அந்த 30 கிலோப் பையனுக்கு 23 மி.லி. வரும், மருந்து சற்று இளக்கம், பம்பில் இலகுவாக ஓடும். அதில் கட்டாக்விக் வகையில் மால்டோஸ் என்ற சர்க்கரை இருப்பதால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். சர்க்கரை நோயாளிக்கு ஹைசென்ட்ராவே மேல். ஹைக்வியா வேறு வழி: ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை முதலில் போட்டுத் தோலடித் திசுவை இளக்கி, பத்து நிமிடத்துக்குள் 10 சதவீத மருந்தை விடுவது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரே குத்து. நூற்றுக்கணக்கான மி.லி. ஒரே இடத்தில் போகும். ஊசிக்குப் பயப்படுகிறவருக்கு அது வரம். ஆனால் வயிற்றில் போட்ட திரவம் கீழிறங்கி அடிவயிறும் பிறப்புறுப்பும் வீங்கலாம் என்பதை முன்னாலேயே சொல்லிவைக்காவிட்டால் வீடே அலறிவிடும்.

வாராவாரம் குத்த ஆளில்லாத வீடு, ஃபிரிட்ஜ் இல்லாத வீடு, ஊசியைக் கண்டாலே மூச்சு நிற்கும் அளவுக்கு அழும் குழந்தை ஆகியோருக்கு ஹைசென்ட்ராவை வற்புறுத்த மாட்டோம். நரம்பு வழியே நிம்மதி. நரம்பு கிடைக்காமல் தவிப்பவர்களுக்கும், ஏற்றிய மறுநாள் தலைவலியில் படுத்துவிடுபவர்களுக்கும் தயங்காமல் சொல்வோம்.

எதில் இருந்தாலும், தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிக்கு முன்னும், ரத்தத்தில் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகையைப் பார்க்கும் எந்தப் பரிசோதனைக்கு முன்னும் இந்த மருந்து போடுவதைச் சொல்லுங்கள். இந்த மருந்து பிறர் கொடுத்த ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து எடுத்தது. அவர்களின் ஆன்டிபாடி பிள்ளையின் ரத்தத்தில் ஓடுகிறது, பரிசோதனை அதைப் பிள்ளையுடையது என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். குப்பியிலிருந்து உரியும் ஸ்டிக்கரை ஒட்டுங்கள், அதில் பேட்ச் எண் இருக்கும். தேதி, எந்த இடம், எத்தனை மி.லி., ஊசி எத்தனை மி.மீ., எத்தனை நேரம். மறுநாள் காலையில் தடிப்புக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து போனில் படம் எடுங்கள். அடுத்த முறை வேலூர் வரும்போது "இவ்வளவு பெருசு டாக்டர்" என்று கையால் காட்டுவதைவிட அந்தப் படம் தெளிவாகச் சொல்லும். பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, வரும்போது அதையும் கொண்டு வாருங்கள். தெருக் குப்பையில் போட்டால் காலையில் வாரும் அம்மாவின் கையில் ஏறும்.